ஒரே நாளில் ஜெயிச்சும் தோத்தும் போன தலைவர்: யார் இந்த டி வலேரா?

1959 ஜூன் 17. அயர்லாந்து மக்கள் ஈமன் டி வலேராவைக் குடியரசுத் தலைவர் ஆக்கினாங்க. அதே நாளில், தேர்தல் முறையை மாத்தணும்னு அவர் கேட்டதுக்கு ‘முடியாது’ன்னு ஓட்டுப் போட்டாங்க. ஏன்?

1882-ல் நியூயார்க்கில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்தவர். கணித ஆசிரியர். 1916 ஈஸ்டர் கிளர்ச்சியில் மரண தண்டனை பெற்று, உயிர் தப்பினார். 1926-ல் ஃபியன்னா ஃபாயில் கட்சியைத் தொடங்கி, 1932-ல் ஆட்சியைப் பிடித்தார்.

அவர் 1937-ல் கொண்டுவந்த அரசியல் சாசனத்திலேயே விகிதாச்சாரத் தேர்தல் முறை இருந்தது.

அது எப்படி?

ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். வாக்காளர் 1, 2, 3 என விருப்ப வரிசை போடணும். தோற்றவரின் ஓட்டு வீணாகாது. அடுத்த விருப்பத்துக்குப் போகும். அதனால் சின்னக் கட்சிக்கும் சீட் கிடைக்கும், தனிப்பெரும்பான்மை கஷ்டம்.

1948-ல் அது அவரையே பதம் பார்த்தது. அதிக இடம் ஜெயித்தது அவர் கட்சிதான். ஆனால் 5 கட்சிகளும் சுயேச்சைகளும் கைகோத்து ஜான் கோஸ்டெல்லோவைப் பிரதமராக்கின. 16 வருஷ ஆட்சி போச்சு. 1954-லும் கூட்டணியிடம் ஆட்சியை இழந்தார்.

அதனால்தான் 1959-ல், தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்ற பிரிட்டிஷ் பாணி முறையைக் கேட்டார். ஒரே கட்சி அசைக்க முடியாமல் உட்கார்ந்துவிடும் என எதிர்க்கட்சிகள் எச்சரித்தன. ஆதரவு சுமார் 48% மட்டுமே. 1968-ல் அவர் கட்சி மறுபடி முயன்றும் நடக்கவில்லை.

1973 வரை குடியரசுத் தலைவராக இருந்து, 1975-ல் மறைந்தார். அவர் நீக்க நினைத்த முறை இன்றும் நீடிக்கிறது. அங்கே கருத்துக்கணிப்பில் யார் முதலிடம் என்பது பாதிக் கதைதான். யார் யாரோடு சேருவாங்க என்பதுதான் மீதி.