பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்)

சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழச் செல்வோரில் பலர், அங்கே அடங்கியிருக்கும் பஹ்ருல் உலூம் மௌலானா அப்துல் அலீ (ரஹ்) அவர்களைப் பற்றி அறியமாட்டார்கள். மன்திக் எனும் தர்க்கக் கலையில் தம் காலத்து இந்தியாவில் தலைசிறந்து விளங்கிய பெரியார் அன்னார்.

லக்னோவின் பிரங்கி மஹல் குடும்பத்தில் தோன்றியவர்கள். தந்தையார் முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்கள்தாம் நம் அரபி மதரஸாக்கள் பலவற்றில் வழங்கும் தர்ஸே நிஜாமிய்யா பாடத்திட்டத்தை வகுத்தவர்கள், 1748இல் வபாத்தானார்கள். பிறகு லக்னோவில் எழுந்த சச்சரவால் மகனார் ஊரைத் துறந்து, ஷாஜஹான்பூர், ராம்பூர், வங்காளத்துப் புஹார் என ஓதிக்கொடுத்தபடியே சென்று, முடிவில் நவாப் முஹம்மத் அலீ வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்தார்கள். நவாபே பல்லக்குக்குத் தோள் கொடுத்தார் என்பார்கள்.

முஹிப்புல்லாஹ் பிஹாரீ (ரஹ்) இயற்றிய ஸுல்லமுல் உலூம் என்னும் மன்திக் கிதாபுக்கு அன்னார் விரிவுரை எழுதினார்கள். அந்தக் கிதாபு தொடங்குவதே அல்லாஹ் வரையறைக்கு அப்பாற்பட்டவன் என்ற துதியுடன்தான். இதில் ஒரு நுட்பம் உண்டு. கிரேக்கர் முறைப்படி ஒன்றை வரையறுக்க, முதலில் அதன் இனத்தை (ஜின்ஸ்) சொல்லி, பிறகு அதைப் பிரித்துக் காட்டும் தன்மையை (பஸ்ல்) சேர்க்க வேண்டும். மனிதன் பகுத்தறியும் உயிரினம் என்பது அவர்களின் உதாரணம். இனமே இல்லாத ஏகனுக்கு இந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

படைப்புகளுக்காவது பொருந்துமா என்றால், அங்கும் சிக்கல்தான். எது பொருளின் உள்ளமைப்பு, எது அதனோடு எப்போதும் ஒட்டிவரும் வெறும் குணம் என்று பிரித்தறிவது மிகக் கடினம் என அதே ஸுல்லம் ஒப்புக்கொள்கிறது. 1191இல் கொல்லப்பட்ட ஸுஹ்ரவர்தீ, ஒரு பொருளின் உள்ளியல்புகள் அனைத்தையும் கண்டுவிட்டோம் என எவரும் உறுதி கூற முடியாது என்றார். 1328இல் மறைந்த இப்னு தைமிய்யாவோ கிரேக்க மன்திக்கை மறுத்துத் தனி நூலே எழுதினார். அவருடைய வேறு பல கருத்துக்களை நம் உலமாக்கள் ஏற்பதில்லை. ஆயினும், வரையறையின் வேலை ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவதே, அதன் உட்பொருளைப் புலப்படுத்துவது அன்று என்று அவர் சொன்னது, கலாம் கலை இமாம்கள் முன்பே கொண்டிருந்த கருத்துதான்.

நம் பிக்ஹு நடப்பதும் இவ்வழியில்தான். பிள்ளைப்பாக்கம் சிப்காட் ஆலையில் இயந்திரத்தில் ஓடும் பால்போன்ற கூலண்டை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். என்றாலும், அங்கே வேலை செய்யும் எவரும் அதைத் தண்ணீர் என்று சொல்வதில்லை. எனவே அதில் உளூச் செல்லாது. அடைமொழியின்றித் தண்ணீர் என்று மக்கள் சொல்வதே முத்லக்கான நீர். இதை அறிய ஜின்ஸும் பஸ்லும் தேவைப்படவில்லை. ஸஹாபாப் பெருமக்கள் உளூச் செய்ததும் அவற்றைக் கற்றுக்கொண்டல்லவே!

அப்படியானால் பிள்ளைகளுக்கு மன்திக் எதற்கு என்று சில பெற்றோர் கேட்கின்றனர். பஹ்ருல் உலூம் அவர்கள் அக்கலையின் கரையைக் கண்டவர்கள். அவர்களே உஸூலுல் பிக்ஹில் முஸல்லமுஸ் ஸுபூத்துக்கு பவாத்திஹுர் ரஹமூத் என்னும் விரிவுரையையும் எழுதினார்கள். பிற்காலத்தில் எகிப்தின் பூலாக் அச்சகத்தார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் முஸ்தஸ்பாவுடன் சேர்த்து அதை அச்சிட்டனர். தர்க்கம் கூர்மையாக்கிய அறிவு, ஷரீஅத்தின் சட்டங்களை ஆய்வதில் எப்படிப் பயன்பட்டது என்பதை அதில் காணலாம்.

சென்னையிலேயே ஓதிக்கொடுத்து வந்த அன்னார், 1810இல் இங்கேயே வபாத்தானார்கள்.