தொப்பி அணிந்து பறந்த மனிதர்

தவணை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போதெல்லாம் என் டிரோனையும் பையில் வைத்து எடுத்துச் செல்வேன். பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கியது. எடை ஒரு கிலோவைக்கூடத் தொடாது. எங்கள் செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக ஓடும் ஆற்றை மேலிருந்து படம் பிடிப்பதில் எனக்குத் தனி இன்பம்.

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் அப்படித்தான் பறக்கவிட்டுக் கொண்டிருந்தேன். திடீரென்று ஆற்று வளைவுக்கு அப்பாலிருந்து ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்த இடியோசை கேட்ட நாகம் போல என்னும் உவமைத்தொடர் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. பதற்றத்தில், டிரோனைத் திரும்ப வரச் செய்யும் பொத்தானை அழுத்தினேன். அங்கேதான் தவறு செய்தேன். அந்தப் பொத்தானை அழுத்தினால் டிரோன் உடனே கீழே இறங்காது. முன்னரே குறித்து வைத்த உயரத்திற்கு முதலில் ஏறும். பிறகுதான் திரும்பி வரும். அருகில் இருந்த தொலைத்தொடர்புக் கோபுரத்திற்குப் பயந்து அந்த உயரத்தை 100 மீட்டர் என்று நானே குறித்திருந்தேன். ஹெலிகாப்டர் வந்து கொண்டிருந்ததும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான்! என் டிரோன் அதை வரவேற்கப் போவதுபோல மேலே ஏறியது.

ஹெலிகாப்டர் சட்டென்று சாய்ந்து திரும்பிப் போய்விட்டது. சில நிமிடங்கள் கழித்துச் சுற்றிக்கொண்டு மீண்டும் வந்தது. அக்கரைக் கம்போங்கில் ஆற்றில் விழுந்துவிட்ட ஒரு பெரியவரைத் தேடி அது வந்ததென்று மதியம்தான் தெரிந்தது. அவர் மூங்கில் புதரைப் பற்றிக் கொண்டிருந்ததைப் படகில் சென்றவர்கள் கண்டு மீட்டார்கள். என் தவற்றால் எதுவும் ஆகிவிடவில்லை. ஆனால், அப்பா அன்று இரவு என்னோடு பேசவில்லை.

ஹெலிகாப்டரைப் பற்றி அன்றிரவு படிக்கத் தொடங்கியபோதுதான் இகோர் சிகோர்ஸ்கியை அறிந்தேன். விமானம் என்றதும் ரைட் சகோதரர்களைத்தான் நம் மாணவர்கள் சொல்வார்கள். இவரைப் பற்றி நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

சிகோர்ஸ்கி 1889ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த கியவ் நகரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் இளையவர். தந்தை மனநல மருத்துவத் துறையில் பேராசிரியர். மருத்துவம் பயின்ற தாயார், லியோனார்டோ டா வின்சி வரைந்து வைத்த பறக்கும் கருவிகளைப் பற்றி மகனுக்குக் கதை கதையாகச் சொன்னார். அதன் பயனாக, 12 வயதில் ரப்பர் வளையத்தை முறுக்கி, மேலெழும்பும் ஒரு சிறு ஹெலிகாப்டர் பொம்மையைச் செய்துவிட்டார்.

1909இல் பாரிஸ் சென்று 25 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து, உண்மையான ஹெலிகாப்டர் ஒன்றைக் கட்டினார். அது தரையை விட்டு எழவில்லை. மறு ஆண்டு இரண்டாவது ஒன்று; அது தன்னைத்தான் தூக்கிக் கொண்டதே தவிர, ஆளைத் தூக்கவில்லை. இயந்திரங்களுக்கு இன்னும் வலிமை போதாது என்று உணர்ந்து, அந்தக் கனவை மூட்டை கட்டி வைத்துவிட்டு விமானம் கட்டப் போனார். அந்த மூட்டையை அவர் மீண்டும் அவிழ்க்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

அவருடைய தொடக்கக் கால விமானம் ஒன்று நடுவானில் இயந்திரம் நின்று கீழே இறங்க நேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் எரிபொருள் செல்லும் துளையில் ஒரு கொசு! ஒரு கொசு ஒரு மனிதனின் உயிரையே வாங்கப் பார்த்திருக்கிறது. நாமாக இருந்தால் கொசுவைத் திட்டிவிட்டுப் போயிருப்போம். அவரோ, ஒரே இயந்திரத்தை நம்பிப் பறப்பதுதான் பிழை என்ற முடிவுக்கு வந்தார். 1913இல் நான்கு இயந்திரங்கள் கொண்ட பெரிய விமானத்தைப் பறக்கவிட்டார். அந்த வழியில் வந்த இலியா முரோமெட்ஸ் என்னும் விமானம் 1914இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கியவ் வரை சென்று திரும்பியது.

பிறகு புரட்சி வந்தது. 1918இல் நாட்டை விட்டு வெளியேறி, பிரான்ஸ் வழியாக 1919இல் நியூயார்க் சேர்ந்தார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. தம்மைப் போன்ற ரஷ்யக் குடியேறிகளுக்குக் கணிதப் பாடம் சொல்லிக் கொடுத்து வயிற்றைக் கழுவினார். 1923இல் நண்பர் ஒருவரின் கோழிப்பண்ணையில்தான் அவருடைய நிறுவனம் தொடங்கியது. பணமின்றித் தவித்த வேளையில் 5,000 டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டவர் புகழ்பெற்ற இசைக்கலைஞர் ரக்மானினோவ். 1926இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கக் கட்டிய விமானம் புறப்படும்போதே விழுந்து எரிந்து இருவர் மாண்டனர். அதிலிருந்தும் மீண்டு, நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானங்களால் நிறுவனத்தை நிமிர்த்தினார்.

ஐம்பது வயதில், 1939 செப்டம்பர் 14ஆம் நாள், விஎஸ்-300 என்னும் ஹெலிகாப்டரை அவரே ஓட்டித் தரையிலிருந்து எழுப்பினார். கயிறு கட்டித்தான், ஓரிரு அடி உயரம்தான். தலையில் அவர் எப்போதும் அணியும் தொப்பி. அந்தப் படத்தைப் பார்த்தால், திருமணத்திற்குப் புறப்பட்ட மாமா ஒருவர் வழியில் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும்.

அவர் தீர்த்த சிக்கல் என்ன தெரியுமா? மேலே பெரிய விசிறி ஒரு திசையில் சுழன்றால், அதன் எதிர்விசை உடலை மறுதிசையில் சுழற்றும். அதைத் தடுக்க வாலில் ஒரு சிறு விசிறியைப் பக்கவாட்டில் பொருத்தினார். இன்றும் பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் இவ்வாறுதான் பறக்கின்றன. நான்கு விசிறி டிரோனுக்கு வால் வேண்டாம். இரண்டு விசிறிகள் ஒரு திசையிலும் இரண்டு மறுதிசையிலும் சுழன்று எதிர்விசையைச் சமன் செய்துவிடுகின்றன. என் கையில் இருந்தது அவருடைய சிக்கலுக்கு மற்றொரு விடை. ஆனால், அந்த வால் விசிறி உடைந்தால் ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றிவிடும். இதைப் படித்தபோது எனக்குக் கை சில்லிட்டது.

1944 ஜனவரி 3ஆம் நாள், நியூயார்க் துறைமுகத்திற்கு வெளியே டர்னர் என்ற போர்க்கப்பல் வெடித்தது. பனிக்காற்றில் வேறு விமானங்கள் பறக்க முடியாத நிலை. கடலோரக் காவல்படையின் ஃபிராங்க் எரிக்சன், சிகோர்ஸ்கியின் ஹெலிகாப்டரில் இரத்த பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டு 14 நிமிடத்தில் சாண்டி ஹூக் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். அடுத்த ஆண்டு நவம்பரில், புயலில் பாறைத்திட்டில் சிக்கிய எண்ணெய்ப் படகிலிருந்து இருவரைக் கயிற்றில் தூக்கிக் காப்பாற்றிய ஹெலிகாப்டரை ஓட்டியவர் சிகோர்ஸ்கியின் சொந்த மருமகன் முறையினர். இந்த உயிர்காப்புச் செய்திகள்தாம் முதுமையில் அவருக்குப் பெரும் நிறைவளித்தன. 1972 அக்டோபர் 26ஆம் நாள், கனெக்டிகட் மாநிலத்தில் தமது இல்லத்தில் காலமானார்.

அவர் மறைந்து 45 ஆண்டுகள் கழித்து, எரிக்சன் பறந்த அதே நியூயார்க் விரிகுடாப் பகுதியில், 2017 செப்டம்பர் 21ஆம் நாள் மாலை, இராணுவ பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று சுமார் 300 அடி உயரத்தில் பொழுதுபோக்கு டிரோன் ஒன்றின்மீது மோதியது. பிளாக் ஹாக், சிகோர்ஸ்கி நிறுவனத்தின் தயாரிப்பு. டிரோனை விட்டவர் இரண்டரை மைல் தொலைவில், திரையை மட்டும் பார்த்துக் கொண்டிருந்தார். அவரும் திரும்பி வரும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். தொடர்பு அறுந்ததும், டிரோன் பழுதாகிக் கடலில் விழுந்துவிட்டதென்று எண்ணி வீட்டுக்குப் போய்விட்டார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக் கூட்டத்திற்காக அங்கே பறக்கத் தடை இருந்ததும் அவருக்குத் தெரியவில்லை. ஹெலிகாப்டரின் பெரிய விசிறி இறக்கையில் பள்ளம் விழுந்தது; நல்லவேளையாகப் பத்திரமாகத் தரையிறங்கியது. அதில் சிக்கியிருந்த உடைந்த பாகத்தின் தொடர் எண்ணை வைத்துத்தான் விசாரணையாளர்கள் அவரைக் கண்டுபிடித்தனர். ஒரு கொசுவின் கதை எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

பலர், 400 அடிக்குக் கீழே பறந்தால் போதும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். ஆனால், தேடவும் மீட்கவும் வரும் ஹெலிகாப்டருக்கு அங்கேதான் வேலை. அதன் விமானிக்கு என் டிரோன் கண்ணில் படாது. அதன் சத்தமோ எனக்கு முன்கூட்டியே கேட்கும். ஆகவே, விலக வேண்டியவன் நான்தான்.

இப்போது பறக்கவிடுவதற்கு முன், திரும்பி வரும் உயரத்தை அந்தந்த இடத்திற்கு ஏற்பக் குறைத்து வைக்கிறேன். தேடுதல் பணி நடப்பதாகக் கேள்விப்பட்டால் பையைத் திறப்பதே இல்லை. அப்பாவையும் அருகில் நிறுத்திக் கொள்கிறேன். என் கண் திரையில் இருக்கும். அவர் கண் வானத்தில் இருக்கும். சென்ற மாதம் அவர் என் தோளைத் தட்டியபோது எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பொத்தானைத் தொடாமல், டிரோனை நேராகக் கீழே இறக்கினேன். அது புல்லைத் தொட்ட பிறகுதான் ஹெலிகாப்டர் மரங்களுக்கு மேலே தெரிந்தது. அப்பா அதற்குக் கை காட்டினார்.