பேச்சின் இருப்பிடம் கண்ட புரோக்கா

என் தாய்வழிப் பேரனார் கோயிலிற் புராணத்துக்குப் பயன் சொல்வதிற் பெயர்பெற்றவர். ஒருநாள் விடியற்காலை பாரிசவாதத்தால் அவரது வலக் கையும் வலக் காலும் அசைவற்றுப் போயின. உடன் நாவும் அடங்கிற்று. பின்னர் அவர் உயிரோடிருந்த மூன்றாண்டும் அவர் வாயினின்று வந்தது ஓம் என்ற ஒரே சொல். பசிக்கும் அதுவே, சினத்துக்கும் அதுவே. பார்க்க வந்தோருட் சிலர் அதனைப் பிரணவமென எண்ணிக் கைகூப்பினர். வீட்டாராகிய நாங்களோ, அறிவும் போயிற்றென்று முடிவுகட்டி, அவர் முன்னிலையிலேயே காணிப் பங்கீடு பேசினோம். அப்போது அவர் கண் கலங்கியதன் காரணம், போல் புரோக்கா என்னும் பிரெஞ்சு வைத்தியரின் வரலாற்றைப் பல்லாண்டு கழித்துப் படித்தபோதே எனக்கு விளங்கிற்று.

புரோக்கா 1824 இல், போர்தோ நகருக்குக் கிழக்கேயுள்ள ஒரு சிற்றூரில், வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பரிஸிற் கற்றுச் சத்திரசிகிச்சை நிபுணரானார். 1859 இல் அந்நகரில் மானிடவியற் சங்கத்தை நிறுவினார்.

1861 ஏப்ரல் 11 ஆம் நாள், பிசேத்ர வைத்தியசாலையில் அவரது பிரிவுக்கு லெபோர்ன் என்ற நோயாளி, அழுகிய வலக் காலுடன் கொண்டுவரப்பட்டார். ஏறத்தாழ முப்பது வயதிற் பேச்சிழந்து அங்கு வந்து சேர்ந்தவர் அவர். எதைக் கேட்டாலும் தான், தான் என்றே மறுமொழி சொல்வார். அதுவே அவருக்குப் பெயராகவும் வழங்கிற்று. அங்கு எத்தனை ஆண்டு இருக்கிறீர் என்று புரோக்கா வினவினார். நோயாளி கைவிரல் ஐந்தையும் நான்கு முறை விரித்து, பின் ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று! கணக்குச் சரியாகவே இருந்தது.

ஆறு நாளில் அவர் இறந்தார். மறுநாளே அவரது மூளையைப் புரோக்கா தம் சங்கத்தாருக்குக் காட்டினார். இடப்புற முன்மூளையில், மூன்றாம் மடிப்பை அண்டிய பகுதி சிதைந்திருந்தது. அவ்வாண்டிலேயே, ஐந்து சொற்கள் மாத்திரம் எஞ்சியிருந்த லெலோன் என்னும் எண்பத்துநான்கு வயது முதியவரும் காலமானார். அவர் மூளையிலும் பழுது ஏறக்குறைய அதே இடத்திற்றான்.

இத்துணைச் சான்றிருந்தும் அவர் அவசரப்படவில்லை. 1863 அளவில் எட்டு நோயாளரிடத்தும் பழுது இடப்புறமே எனக் கண்டு வியந்தவர், மேலும் சான்று வேண்டுமென்று முடிவுரையாது நின்றார். நாம் இடப்பக்க மூளையாற் பேசுகிறோம் என்று அவர் துணிந்துரைத்தது 1865 இலேயாம். இடப்பக்க மூளை உடலின் வலப்புறத்தை ஆள்வது. என் பேரனாருக்கு வலக் கையும் வாக்கும் ஒருங்கே போனது அதனாலேயே.

இதே உண்மையை மார்க் டக்ஸ் என்ற நாட்டுப்புற வைத்தியர் 1836 இலேயே எழுதிவைத்தார் என அவர் மகன் வாதிட்டார். புரோக்கா மொன்பெலியே நகரில் விசாரித்தும், அக்கட்டுரை அங்கே அரங்கேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனினும் அந்தக் கிராமத்து வைத்தியருக்கும் புகழில் ஒரு பங்கு உண்டென்பதே என் எண்ணம்.

புரோக்காவிடம் பெருங்குறையும் உண்டு. மூளையின் பருமனையும் மண்டையோட்டின் அளவையும் கொண்டு பெண்களையும் பல இனத்தாரையும் தாழ்த்தி மதிப்பிட்டார். ஊமையென ஒதுக்கப்பட்டவனிடத்தே அறிவைத் தேடிக் கண்ட அவர், அளவுகோலைக் கையில் எடுத்தபோது தம் காலத்துத் தப்பெண்ணத்தையே அதில் வாசித்தார். இதனை நான் மன்னிக்க மாட்டேன்.

இவ்விட வல வேறுபாடு மனிதருக்கே உரியதென்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1970 களில் நொட்டெபோம் என்பவர் பாடும் பறவைகளை ஆராய்ந்தார். குரலுறுப்புக்குச் செல்லும் இடப்பக்க நரம்பை அறுத்தபோது பாட்டின் பெரும்பகுதி அழிந்தது. வலப்பக்க நரம்பை அறுத்தபோது இழப்புச் சிறிதே. கோழிக்குஞ்சும் தானியத்தைக் கல்லினின்று பிரித்தறிய வலக் கண்ணையே பெரிதும் நம்புகிறது. பருந்துக்கு அஞ்சி வானை நோக்குவது இடக் கண்.

செனற்றராகிய சில மாதங்களில், 1880 இல், ஐம்பத்தாறாம் வயதிற் புரோக்கா காலமானார். லெபோர்னின் மூளையை அவர் அறுக்காது பேணிவைத்திருந்தமையால், 2007 இல் அதனைக் கருவி கொண்டு உள்ளூடாகப் படம்பிடிக்க முடிந்தது. பழுது அவர் கண்டதினும் ஆழமாகச் சென்றிருந்தது.

பேச்சிழந்தோருக்குக் குழந்தைக்குப் போல மீண்டும் மொழி பயிற்றலாம் என்றும் புரோக்கா கருதியிருந்தார். என் பேரனாருக்கு அப்படி எவரும் பயிற்றவில்லை. விரல் விரித்து விடை சொல்லக்கூடிய கேள்வியொன்றை எங்களில் ஒருவராவது அவரிடம் கேட்டதுமில்லை. அவரது இடக் கை கடைசிவரை நன்றாகவே இருந்தது.