சேர் அலெக்சாண்டர் பிளெமிங்: பெனிசிலினும் அதற்குத் தப்பிய பற்றீரியாக்களும்

பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வினாவுக்கு நீங்கள் எல்லோரும் சரியாக விடை எழுதிவிடுவீர்கள். பங்கசு விழுந்த கிண்ணத்தின் கதையும் உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மருந்து எப்படித் தோற்கும் என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார் என்பதைப் பலர் எழுதுவதில்லை. அந்தப் பகுதியையும் சேர்த்து அவரது வாழ்க்கையைப் படியுங்கள்.

பிளெமிங் 1881 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6 ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் டார்வெல் என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது தந்தை இறந்துவிட்டார். பதின்மூன்று வயதளவில் இலண்டன் சென்று படித்தார். பின்னர் கப்பற் கம்பனி ஒன்றில் நான்கு வருடங்கள் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். சிறிய தந்தை ஒருவர் விட்டுச்சென்ற பணம் கிடைத்திராவிட்டால் அவர் அந்த மேசையிலேயே இருந்திருக்கக்கூடும். அப்பணத்தைக் கொண்டு சென். மேரிஸ் வைத்தியசாலையின் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1906 இல் பட்டம் பெற்றார். குறிபார்த்துச் சுடுவதில் அவர் வல்லவர். கல்லூரியின் துப்பாக்கிச் சுடும் அணி அவரை இழக்க விரும்பவில்லை. அதனாலேயே அங்கிருந்த அல்ம்ரோத் ரைற் என்பவரின் ஆய்வுகூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது என்பர்.

முதலாம் உலகப் போரில் அவர் பிரான்சின் பூலோன் நகரில் இராணுவ மருத்துவராகக் கடமையாற்றினார். காயங்களுக்கு ஊற்றப்பட்ட தொற்றுநீக்கிகள் ஆழத்திலிருந்த பற்றீரியாக்களை விட்டுவிட்டு, உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்களையே அதிகம் கொன்றதை அங்கு கண்டார். பற்றீரியாவைக் கொன்று மனிதக் கலத்தை விட்டுவைக்கும் பொருள் ஒன்று வேண்டும் என்பதே அதன் பின்னர் அவருடைய தேடலாயிற்று. 1921 இல் தடிமன் பிடித்திருந்தபோது தமது மூக்குச் சளியையே வளர்ப்பூடகத்தில் இட்டு இலைசோசைம் என்னும் நொதியத்தைக் கண்டார். கண்ணீரிலும் முட்டை வெண்கருவிலும் அது இருந்தது. ஆனால் கடும் நோயைத் தரும் பற்றீரியாக்களிற் பெரும்பாலானவற்றை அது ஒன்றும் செய்யவில்லை.

1928 செப்டெம்பரில் விடுமுறை முடிந்து திரும்பியவர், ஸ்டெபிலோகொக்கசு வளர்த்த பழைய பெத்திரிக் கிண்ணங்களைப் பார்வையிட்டார். ஒரு கிண்ணத்தில் பங்கசு படர்ந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த பற்றீரியாக்கள் அழிந்திருந்தன. அந்தப் பங்கசை பெனிசிலியம் நொட்டாட்டம் எனப் பழைய நூல்கள் குறிப்பிடும். இப்போது அது பெனிசிலியம் ரூபென்ஸ் என அழைக்கப்படுகின்றது. அதன் சுரப்பே பெனிசிலின். பற்றீரியா தனது கலச்சுவரை ஆக்குவதை அது தடுக்கின்றது. மனிதக் கலங்களுக்குக் கலச்சுவர் இல்லை என்பதை நினைவில் வைத்திருங்கள். அவை தப்பிக்கொள்வதன் காரணம் அதுவே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1929 இல் பிளெமிங் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே பெனிசிலினுக்கு அழியாத ஒரு பற்றீரியா இடம்பெற்றிருந்தது. அக்காலத்தில் இன்புளுவென்சா பசிலசு எனப்பட்ட அது, பெனிசிலின் இட்ட ஊடகத்தில் மற்றவை அழிய, தான் மட்டும் தனியாக வளர்ந்தது. அதைப் பிரித்தெடுக்கும் வழியாகவே அவர் பெனிசிலினை முதலிற் பயன்படுத்தினார். ஆக, மருந்தும் அதற்கு அடங்காத உயிரும் ஒரே கட்டுரையில் அறிமுகமாகின.

பெனிசிலினைத் தூய்மையாக்கி மருந்தாக்கும் வேலை பிளெமிங்கினால் இயலவில்லை. ஒக்ஸ்போர்ட்டில் புளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அதனைச் செய்தனர். 1940 இல் எலிகளிலும் 1941 இல் மனிதரிலும் பரிசோதித்தனர். புகழ் பெரும்பாலும் பிளெமிங்கிடம் போய்ச் சேர்ந்தது நியாயமன்று என்றே சொல்ல வேண்டும். நோபல் பரிசுக் குழு 1945 இல் பிளெமிங், புளோரி, செயின் மூவருக்கும் பரிசைப் பகிர்ந்தளித்தது. ஹீட்லியின் பெயர் அதில் இல்லை.

அந்த நோபல் பேருரையில், வெற்றியைக் கொண்டாட வேண்டிய மேடையில், பிளெமிங் ஒரு கற்பனைக் குடும்பத்தின் கதையைச் சொன்னார். கணவனுக்குத் தொண்டை நோ. கடையிற் பெனிசிலின் வாங்கித் தன் எண்ணப்படி கொஞ்சமாக எடுக்கிறான். ஸ்ட்ரெப்டோகொக்கசு முழுவதும் அழியவில்லை. எஞ்சியவை மருந்துக்கு அடங்காதவை. அவை மனைவிக்குத் தொற்றுகின்றன. அவளுக்கு நியூமோனியா வருகிறது. பெனிசிலின் கொடுத்தும் பயனின்றி அவள் இறந்துபோகிறாள். அந்த மரணத்துக்குக் கணவனே பொறுப்பு என்றார் பிளெமிங்.

பற்றீரியா மருந்துக்குப் பழகிக்கொள்கிறது என்று விடை எழுதாதீர்கள். கோடிக்கணக்கான கலங்களுள் விகாரத்தினால் எதிர்ப்பைப் பெற்ற சில ஏற்கனவே இருக்கலாம். மருந்து ஏனையவற்றைக் கொன்று, அவற்றுக்கு இடமும் உணவும் ஒழுங்குசெய்து கொடுத்துவிடுகிறது. இது இயற்கைத் தேர்வு. மேலும், எதிர்ப்புக்கான பரம்பரையலகுகள் பல, பிளாஸ்மிட்டு என்னும் சிறு டி.என்.ஏ வளையங்களில் உள்ளன. ஒரு பற்றீரியா அவற்றை வேறு இனத்துப் பற்றீரியாவுக்கும் கொடுக்க வல்லது.

எச்சரிக்கை பலிக்க அதிக காலம் செல்லவில்லை. இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் மேரி பார்பர் என்பவர் ஆராய்ந்த ஸ்டெபிலோகொக்கசு மாதிரிகளுள் பெனிசிலினுக்கு அடங்காதவை 1946 இல் ஏறக்குறைய 14 சதவீதம். 1948 இல் 59 சதவீதம். பிளெமிங் 1955 மார்ச் 11 இல் இலண்டனிற் காலமானார். டி.என்.ஏயின் கட்டமைப்பு வெளியாகி அப்போது இரண்டு வருடங்களே ஆகியிருந்தன. எதிர்ப்பு எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை அறியும் வழி அவருக்குக் கிடைக்கவில்லை.

இன்று அவ்வழி உண்டு. ஒரு பற்றீரியாவின் டி.என்.ஏ முழுவதிலுமுள்ள நைதரசன் மூலங்களின் ஒழுங்கை வாசித்து, இன்னொன்றின் ஒழுங்குடன் ஒப்பிடுவர். வேறுபாடு குறைவாயின் அவை அண்மையிற் பிரிந்தவை. வேறுபாடுகள் சேரும் வேகத்தைக் கொண்டு, எத்தனை வருடங்களுக்கு முன் பிரிந்தன என்றும் கணிப்பர். குடும்பங்களில் உறவுமுறை சொல்வது போன்றதே இது.

பிளெமிங் வேலை செய்த பூலோனுக்கு அருகே, 1915 இல், பிரித்தானியப் போர்வீரர் ஒருவர் வயிற்றுளைவினால் இறந்தார். அவரிடமிருந்து பெற்ற சிகெல்லா பற்றீரியா பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தது. 2014 இல் அதனை வாசித்தபோது, பெனிசிலினை எதிர்க்கும் ஆற்றல் அதில் இருந்தது தெரிந்தது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு 13 வருடங்களுக்கு முற்பட்ட உயிர் அது!

மருந்தே இல்லாத காலத்தில் எதிர்ப்பு எதற்கு? இதற்கு ஒரு விடையை முள்ளெலிகள் தந்தன. மெதிசிலினுக்கும் அடங்காத ஸ்டெபிலோகொக்கசின் ஒரு வகை, பசுக்களிலும் மனிதரிலும் இருப்பது 2011 இல் அறிவிக்கப்பட்டது. பண்ணைகளிற் கொடுத்த மருந்தே காரணம் எனப் பலர் எண்ணினர். ஆனால் டென்மார்க், சுவீடன் நாடுகளில் ஆராயப்பட்ட முள்ளெலிகளில் 60 சதவீதம் வரை அதனைக் கொண்டிருந்தன. முள்ளெலியின் தோலில் வாழும் ஒரு பங்கசு பெனிசிலின் வகைப் பொருள்களைச் சுரக்கின்றது. அத்தோலில் வாழ வேண்டிய ஸ்டெபிலோகொக்கசு எதிர்ப்பைப் பெற்றுக்கொண்டது. ஜீனோம்களை ஒப்பிட்டவர்கள், அவ்வகை 1800களிலேயே தோன்றிவிட்டதென 2022 இல் வெளியிட்டனர். பிளெமிங்கின் கிண்ணத்தில் நடந்த போர், வேலியோரத்து முள்ளெலியின் முதுகில் முன்பே நடந்துகொண்டிருந்தது.

அப்படியானால் மனிதர்மீது குற்றமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சீனாவிற் பன்றிகள் விரைவாகப் பருக்க வேண்டுமென்று தீவனத்துடன் கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கலந்து வந்தனர். மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கப்படுவது அது. அம்மருந்தை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 என்ற பரம்பரையலகு பிளாஸ்மிட்டில் இருப்பது 2015 இல் அறிவிக்கப்பட்டது. பன்றியிலும், கடை இறைச்சியிலும், வைத்தியசாலை நோயாளரிலும் அது இருந்தது. 2017 இல் சீனா தீவனத்திற் கலப்பதைத் தடைசெய்தது. அதைக் குடலிற் கொண்டிருந்த மனிதரின் வீதம் 2016 இல் 14.3 ஆக இருந்து 2019 இல் 6.3 ஆகக் குறைந்தது. பன்றிக்குக் கொடுத்ததை நிறுத்தியபோது மனிதரிற் குறைந்தது என்பதே இதிற் கவனிக்க வேண்டியது.

பிளெமிங்கின் மூக்கிலிருந்து பெறப்பட்ட இன்புளுவென்சா பசிலசும் இங்கிலாந்தின் பற்றீரியாச் சேமிப்பகத்தில் 4842 என்ற இலக்கத்துடன் இருக்கிறது, அதன் டி.என்.ஏயும் வாசிக்கப்பட்டுவிட்டது. அவரது பங்கசின் மாதிரி ஒன்று 50 வருடங்களுக்கு மேல் உறைநிலையில் இருந்தது. 2020 இல் அதனை வாசித்து, அமெரிக்கத் தொழிற்சாலைகள் பயன்படுத்திய பங்கசுகளோடு ஒப்பிட்டனர். பெனிசிலினை ஆக்கும் நொதியங்களின் பரம்பரையலகுகளில் வேறுபாடு இருந்தது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் வெவ்வேறு பற்றீரியாக்களோடு போராடிய பங்கசுகள், சற்று வெவ்வேறு வழிகளிற் கூர்ப்படைந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.