உதகை மலையில் இருபது கன்னியர்

நம் ஊர்ப்புறக் கன்னியர் மடங்களில் நாலைந்து பேராய்ச் சேர்ந்து ஜீவிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூசை, ஜெபம், பள்ளிக்கூடம், நோயாளிகள், பிறகு அடுப்படி. ஒரே கூரையின் கீழ் ஒருமனதாய் இருப்பது எவ்வளவு பாடு என்று, மருமகள்மார் மூவர் உள்ள வீட்டாருக்குச் சொல்லவும் வேண்டுமோ? அந்தப் பாட்டை நம் தமிழ்நாட்டிலேயே அனுபவித்த ஒரு தாயாரின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

எலேன் தெ ஷப்போத்தேன் என்பவர் பிரான்சு தேசத்து நாந்து பட்டணத்தில் 1839-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி பிறந்தார். 1860-ல் அர்ச். கிளாரம்மாள் மடத்தில் சேர்ந்தார். பிராஞ்சிஸ்கு அசீசியாரின் தரித்திரத்தில் அவர் ருசி கண்டது அங்கேதான். ஆனால் சில மாதத்துக்குள் வியாதி கண்டு வீடு திரும்ப வேண்டியதாயிற்று. 1864-ல் துலூஸ் நகரில் மரி ரெப்பராத்ரீஸ் சபையில் புகுந்து, திருப்பாடுகளின் மரி என்னும் பேர் பெற்றார். மறுவருஷமே, வார்த்தைப்பாடு கொடுக்குமுன்னரே, மதுரை மிசியோனுக்கு அனுப்பினார்கள்.

1866-ல் தூத்துக்குடியில் வார்த்தைப்பாடு கொடுத்தார். அடுத்த வருஷம், 28 வயதில், தூத்துக்குடி, திருச்சிராப்பள்ளி, அடைக்கலாபுரம் மடங்களுக்குப் பெரிய தாயாரானார். இத்தேசக் கன்னியரைப் பயிற்றுவிப்பதும் அவர்கள் பொறுப்பாயிருந்தது. 1874-ல் கோயம்புத்தூர் மேற்றிராணியார் பர்தூ ஆண்டவர் கேட்டுக்கொள்ள, உதகமண்டலத்திலும் ஒரு மடம் உண்டாயிற்று. (கோயம்புத்தூர் முன்னே நம் புதுவை மிசியோனோடு சேர்ந்திருந்த பகுதிதான்.)

இதற்குள் சபைக்குள்ளே மனத்தாங்கல் முற்றிவிட்டது. யார்மேல் குற்றம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரு பக்கத்திலும் பக்தியுள்ளவர்களே இருந்தார்கள். 1876-ல் இருபது கன்னியர் சபையை விட்டுப் பிரிந்தார்கள், மரி தாயாரும் அவர்களில் ஒருவர். எண்ணிப் பாருங்கள்: சொந்த தேசம் கடலுக்கு அப்பால், சேர்ந்திருந்த சபையும் இனி இல்லை. உதகையின் குளிரில் மேற்றிராணியாரின் ஆதரவு ஒன்றே அவர்களுக்கு மிச்சம். வார்த்தைப்பாடு கொடுத்த பெண்பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சோதனை ஏது?

தாயார் உரோமாபுரிக்குப் பயணமானார். 1877 ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று, ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் மரியாயின் மிஷனரிகள் என்ற புதுச் சபைக்கு உத்தரவளித்தார். தேவநற்கருணை ஆராதனையும் வேதபோதக ஊழியமும் அதன் இரு கண்கள். கன்னியர் முறை வைத்து நற்கருணை முன் விழித்திருப்பார்கள். எழுந்தவர் நேரே வேலைக்குப் போவார்.

1882 அக்டோபர் 4-ந் தேதி, அசீசியார் திருநாளில், தாயார் பிராஞ்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். இளமையில் வியாதியால் கைநழுவின ஆசை இருபது வருஷத்துக்குப்பின் கைகூடிற்று. ஆனால் மறுவருஷமே அவர்மேல் முறைப்பாடுகள் எழும்பி, பெரிய தாயார் உத்தியோகத்தினின்று நீக்கப்பட்டார். தாமே ஸ்தாபித்த சபையில் தாழ்ந்த இடத்தில் இருந்தார். பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் விசாரிக்கச் செய்து, அவர் குற்றமற்றவரென்று கண்டபின், 1884-ல் கன்னியர் திரும்ப அவரையே தெரிந்துகொண்டார்கள். 1885-ல் சபை முழுவதும் பிராஞ்சிஸ்கன் குடும்பத்தோடு இணைக்கப்பட்டது.

1900-ல் சீன தேசத்துத் தாய்யுவானில் அவருடைய மக்கள் ஏழு பேர் வேதசாட்சிகளாய் மரித்தார்கள். அவர்களைச் சீனாவுக்கு அனுப்பினவர் அவரே. அந்தச் செய்தியைக் கேட்ட தாயின் நெஞ்சு எப்படியிருந்திருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள்.

1904 நவம்பர் 15-ந் தேதி இத்தாலியாவில் சான் ரேமோ ஊரில் மரித்தார். உதகையில் இருபதாயிருந்த கன்னியர் அப்போது 2000-க்கு மேல், மடங்கள் 86. 2002 அக்டோபர் 20-ந் தேதி இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். அவர் திருநாள் நவம்பர் 15.