நாலணாவில் தொடங்கிய தொண்டு

இளமையில் கங்காதரர் ஆசாரத்தில் மிகவும் கடுமையானவர். நாளொன்றுக்கு நான்கு முறை கங்கையில் நீராடுவார். தாமே சமைத்த உணவை, அதுவும் ஒருவேளை மட்டும், உண்பார். 1864-இல் கல்கத்தாவில் பிறந்த அவர், தட்சிணேசுவரத்திற்கு வந்தபோது ஏறத்தாழப் பத்தொன்பது வயது இளைஞர். இவையெல்லாம் முதியவர்களுக்குரிய வழக்கங்கள், இவ்வயதில் இத்தனை வேண்டாம் என்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் அவருக்கு அறிவுறுத்தினார். நரேந்திரரோடு பழகும்படியும் பணித்தார். தீட்டுக்கு அஞ்சிய இந்த இளைஞரே, பின்னாளில் காலரா நோயாளிகளைத் தம் கைகளால் கழுவித் துடைத்த சுவாமி அகண்டானந்தர்.

குருதேவரின் மறைவுக்குப் பின், 1887-இல் அவர் இமயத்தை நோக்கிப் புறப்பட்டார். திபெத் வரை சென்றார். எங்கும் வேரூன்றாமல் நடந்துகொண்டே இருப்பதுதான் துறவியின் இயல்பு என்பது அவரது உறுதி. அந்த உறுதி அசையத் தொடங்கியது குஜராத்தில். ஜாம்நகரில் ஜண்டு பட் என்ற ஆயுர்வேத வைத்தியருடன் தங்கினார். தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு மருத்துவம் செய்த அப்பெரியவரின் வாழ்க்கை அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. 1894-இல் ராஜபுதனத்துக் கேத்ரியில் மக்களின் அறியாமையைக் கண்டு வருந்தி, தாம் செய்யத்தக்கது யாது என்று அமெரிக்காவிலிருந்த சுவாமிஜிக்கு எழுதினார். சுவாமிஜியின் பதில் அவருக்குப் பெரும் ஊக்கமளித்தது. வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினார். பள்ளியில் எண்பதாக இருந்த மாணவர் எண்ணிக்கை 257 ஆயிற்று.

ஆயினும் உண்மையான சோதனை 1897-இல் வங்காளத்திலேயே வந்தது. கங்கைக் கரையோரமாக வடக்கே நடந்துகொண்டிருந்தார். முர்ஷிதாபாத் மாவட்டத்தில் கடும் பஞ்சம். தாத்பூர் என்னும் ஊரில் ஓர் ஏழை முஸ்லிம் சிறுமி அழுதுகொண்டு நின்றாள். தண்ணீர்க் குடம் உடைந்துவிட்டது. வேறு குடம் வாங்க வீட்டில் வழியில்லை. அகண்டானந்தரிடம் இருந்தது நாலணா. அதில் ஒரு குடம் வாங்கிக் கொடுத்தார். உடனே பட்டினிக் குழந்தைகள் பலர் அவரைச் சூழ்ந்துகொள்ள, எஞ்சிய காசுக்கு அவல் வாங்கிப் பகிர்ந்தளித்தார். கை வெறுமையாயிற்று.

மேலே நடந்து மகுலா கிராமத்தை அடைந்தார். பணமில்லை, துணையில்லை, பஞ்ச நிவாரணத்தில் முன் அனுபவமும் இல்லை. விலகிப் போய்விட நினைத்தார். ஆனால் கிளம்ப முயன்றபோதெல்லாம் உள்ளிருந்து ஏதோ அவரைத் தடுத்தது. தம்மால் முடியும் என்று தேறிய பிறகு அவர் அங்கே தங்கவில்லை என்பது என் எண்ணம். தங்கினார், முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. நிலைமையை விவரித்து மடத்திற்கு எழுதினார். இரு துறவிகளும் சிறிதளவு பணமும் வந்து சேர, மே 15 அன்று நிவாரணப் பணி தொடங்கியது. ராமகிருஷ்ண மிஷன் தோன்றி அப்போது இரண்டு வாரங்களே ஆகியிருந்தன! துறவிக்கு இத்தகைய வேலை தகுமா என்ற ஐயம் பலருக்கும் இருந்த காலம் அது. அல்மோராவிலிருந்த சுவாமிஜியோ மகிழ்ச்சி பொங்க அவரைப் பாராட்டி எழுதினார்.

பஞ்சம் தணிந்தது, ஆதரவற்ற குழந்தைகள் எஞ்சினர். அவர்களுக்காக ஓர் இல்லம் உருவாயிற்று. அகண்டானந்தர் அவர்களைக் குளிப்பாட்டினார், உணவூட்டினார், படிக்க வைத்தார். அத்தோடு அவர் நிறுத்தியிருந்தால், பிறர் தயவில் வளர்ந்தவர்கள் என்ற எண்ணம் அப்பிள்ளைகளை விட்டு நீங்கியிராது. நெசவு, தச்சு, தையல், பட்டுப்புழு வளர்ப்பு என ஆளுக்கொரு தொழில் கற்பித்தார். அவர்கள் செய்த பொருட்கள் அவ்வட்டாரத் தொழிற் கண்காட்சியில் பரிசும் பெற்றன. தெருவில் கையேந்தி நின்ற சிறுவன், தான் நெய்த துணியை ஊரார் விலை கொடுத்து வாங்கி உடுத்துவதைக் கண்டான். எந்த அறிவுரை அவனுக்கு அதைவிட அதிகம் சொல்லியிருக்கும்?

1913-இல் ஆசிரமம் சார்காச்சியில் சொந்த நிலத்திற்கு மாறியது. 1934-இல் மடம் மற்றும் மிஷனின் மூன்றாவது தலைவராக அகண்டானந்தர் பொறுப்பேற்றார். அதே ஆண்டு பீகாரை நிலநடுக்கம் உலுக்கியபோது, எழுபதை நெருங்கிய வயதிலும் மோங்கீர், பாகல்பூர் நிவாரண முகாம்களுக்கு நேரில் சென்றார். தலைவரான பிறகும் அவர் பெரும்பாலும் தங்கியது சார்காச்சியில்தான். அங்கே நோய் முற்றிய நிலையில் பேலூருக்கு அழைத்து வரப்பட்டு, 1937 பிப்ரவரி 7 அன்று மகாசமாதி அடைந்தார்.