வாத்தியார் தந்த ஜூடோ

வெள்ளை உடையும் இடுப்பில் கச்சையுமாக ஜூடோ வீரர்கள் மோதுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கலையை உருவாக்கியவர் பயில்வான் அல்ல, என்னைப்போல ஒரு வாத்தியார் என்றால் நம்புவீர்களா?

ஜிகோரோ கானோ 1860-ல் ஜப்பானில் மிகாகே என்ற ஊரில் பிறந்தார். படிப்பில் கெட்டி. ஆனால் உடம்பு ஒல்லி, உயரமும் குறைவு. டோக்கியோவில் விடுதியில் தங்கிப் படித்தபோது பெரிய பையன்கள் அவரை அடித்துத் துன்புறுத்தினார்கள். ஜுஜுட்சு என்ற பழைய சண்டைக் கலையைக் கற்றால் பலசாலியையும் வீழ்த்தலாம் என்று கேள்விப்பட்டார். கற்றுத்தரத்தான் ஆள் இல்லை! சாமுராய் வீரர்களின் காலம் முடிந்து, அந்தக் கலையை யாரும் சீந்தாத நேரம் அது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர்களுக்குப் பழைய ஆசான்களைத் தெரிந்திருக்கும் என்று அவர்களைத் தேடி அலைந்தார். 1877-ல் ஃபுகுடா என்ற குரு கிடைத்தார்.

அங்கே ஃபுகுஷிமா என்ற பலசாலியை கானோவால் அசைக்கவே முடியவில்லை. என்ன செய்தார் தெரியுமா? புத்தகங்களைப் புரட்டினார்! மேல்நாட்டு மல்யுத்த நூல்களைக்கூட விடவில்லை. கடைசியில், ஆளைத் தோளில் ஏற்றிச் சுழற்றிப் போடும் முறை ஒன்றைக் கண்டுபிடித்து, அவரைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

1882-ல் டோக்கியோவின் எய்ஷோஜி புத்தர் கோயிலில், 12 பாய் விரிக்கும் இடத்தில், 9 மாணவர்களோடு கோடோகன் பள்ளியைத் தொடங்கினார். 'ஜூ' என்றால் மென்மை, 'டோ' என்றால் வழி. உங்கள் எதிராளியின் பலம் 10, உங்கள் பலம் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தள்ளும்போது நீங்களும் தள்ளினால் தோற்பீர்கள். சட்டென்று பின்வாங்கினால்? அவரே நிலை தடுமாறுவார். அப்போது உங்கள் 7 போதும். இப்படித்தான் கானோ கணக்குப் போட்டு விளக்குவார்.

அடிபட்ட பையன் பழிவாங்கக் கற்றுத்தரவில்லை, பாருங்கள்! ஆளை முடமாக்கும் பிடிகளைப் பயிற்சி மோதலிலிருந்து நீக்கினார். எதிரே நிற்பவரும் சேர்ந்து உயர வேண்டும் என்பதே அவர் கொள்கை. அவர் இல்லாமல் யாரோடு பழகுவீர்கள்?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் முதல்வராக இருந்தார். 1909-ல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் ஆசியாவின் முதல் உறுப்பினர் ஆனார். 1938-ல், கெய்ரோவில் நடந்த அதன் கூட்டம் முடிந்து ஊர் திரும்பும்போது கப்பலிலேயே காலமானார்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடைப் பிரிவு இல்லாத போட்டியில் ஜப்பானின் கமினாகாவை நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க் தோற்கடித்தார். அவர் நாட்டு ரசிகர்கள் மகிழ்ச்சியில் களத்துக்குள் ஓடி வந்தார்கள். கீசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார். பிறகு, தோற்றவருக்குக் குனிந்து வணக்கம் செய்தார்.